ஜெயிலுக்குப் போனால் இன்சூரன்ஸ் போச்சு!

அமெரிக்க நாட்டில் ஒரு ஏழைக்கு வைத்தியம் பார்த்தே தீரவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் பெயரால் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன இடம் ஒன்று உண்டு. அது எந்த இடம் தெரியுமா? ஜெயில்!

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை.

1973-ம் ஆண்டு. டெக்சாஸ் மாநில ஜெயிலில் ஒரு கைதி லாரியில் இருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பொதி அவர் மேல் விழுந்தது. முதுகில் அடி. வலி தாங்க முடியவில்லை. வேலை செய்ய முடியாது என்றார். அதற்காக அவரைத் தனிக் கொட்டடியில் போட்டார்கள். தனக்குச் சரியான வைத்தியம் கிடைக்கவில்லை என்று தன் கையாலேயே மனு எழுதி அவர் கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1976-ல் தீர்ப்பு வந்தது. கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது கொடுமையான தண்டனைக்குச் சமம், அதை அரசியல் சட்டம் அனுமதிக்காது என்று நீதிபதிகள் கூறினார்கள். இன்றைக்கும் அமெரிக்க ஜெயில்களில் டாக்டர் இருக்கிறார் என்றால், அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். வழக்குப் போட்டவருக்கு மட்டும் பலன் இல்லை. ஜெயில் டாக்டர் மேல் அவர் கொண்டுவந்த வழக்கை அதே கோர்ட்டு ஏற்கவில்லை!

சரி, ஜெயிலுக்கு வெளியே இருக்கும் மனிதனுக்கு? அவனுக்கு அப்படிப்பட்ட உரிமை கிடையாது. உயிருக்கு ஆபத்து என்று ஓடிவந்தால் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு அவனைத் தள்ளிவிடக் கூடாது என்று 1986-ல் ஒரு சட்டம் போட்டார்கள். உயிரைக் காப்பாற்றுவார்கள். பிறகு பில் வரும். அந்தப் பில்லைப் பார்த்து மறுபடியும் மயக்கம் போடுகிறவர்கள் உண்டு.

ஆகவே, அங்கே வாழ்வதற்கு இன்சூரன்ஸ் வேண்டும். அந்த இன்சூரன்ஸ் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எப்போது போகும், எப்போது திரும்பி வரும் என்பதில் பெரும் பங்கை முடிவு செய்கிறவர்கள் மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள். யாரை ஜெயிலில் வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்று சட்டம் போடுகிறவர்களும் அவர்களே. இந்த இரண்டு சட்டங்களும் ஜெயில் வாசலில் மோதிக்கொள்கின்றன. நடுவில் அகப்பட்டு நசுங்குகிறவன் ஏழை.

ஏழை இன்சூரன்ஸ்

அமெரிக்காவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வேலை கொடுக்கும் கம்பெனி மூலம் மருத்துவ இன்சூரன்ஸ் கிடைக்கிறது. வேலை போனால் இன்சூரன்சும் போய்விடும். வேலை இல்லாத ஏழைக்கு என்ன வழி?

1965-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தலைநகரில் அல்ல, மிசூரி மாநிலத்தில் உள்ள இன்டிபென்டன்ஸ் என்ற ஊருக்குப் போய்! காரணம், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் அந்த ஊரில் இருந்தார். அவர் தமது காலத்தில் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவரப் பாடுபட்டுத் தோற்றவர். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்துப் போட்டார் ஜான்சன். முதியவர்களுக்கான முதல் இன்சூரன்ஸ் கார்டும் ட்ரூமனுக்கே கொடுக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தில் இரண்டு திட்டங்கள் இருந்தன. முதியவர்களுக்கு "மெடிக்கேர்". ஏழைகளுக்கு "மெடிக்கெய்டு". இந்த இரண்டாவது திட்டம்தான் இங்கே விஷயம். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் கூட்டாகப் பணம் போடுகின்றன. நடத்துவது மாநிலம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் மாநிலத்துக்கு நிறைய அதிகாரம்.

ஆனால் 1965-ம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு சின்ன வரி இருந்தது. சர்க்கார் காவலில் இருக்கும் கைதிகளின் வைத்தியத்துக்கு மத்திய சர்க்கார் பணம் தராது என்பது அந்த வரியின் சாரம். கைதியை வெளி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு நாளுக்குக் குறையாமல் படுக்கையில் வைத்தால் மட்டும் பணம் உண்டு.

ஜெயில் நடத்துவது மாநிலத்தின் வேலை, அந்தச் செலவை எங்கள் தலையில் கட்டாதே என்று மத்திய சர்க்கார் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்த வரியை எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. ஜெயிலில் இருக்கிறவன் எல்லாம் குற்றவாளியா?

ஒரே வழக்கு, இரண்டு பேர்

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரே ஊரில் இரண்டு பேர். இருவருக்கும் சர்க்கரை வியாதி. இருவர் மேலும் ஒரே மாதிரி வழக்கு. போலீசார் ஒரே நாளில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நீதிபதி இருவருக்கும் ஆயிரம் டாலர் ஜாமீன் கேட்கிறார்.

ஒருவரிடம் பணம் இருக்கிறது. கட்டிவிட்டு அன்று மாலையே வீட்டுக்குப் போகிறார். மறுநாள் வேலைக்குப் போகிறார். இன்சூரன்ஸ் இருக்கிறது. இன்சுலின் மருந்து இருக்கிறது. வக்கீலோடு நிதானமாகப் பேசி வழக்கை நடத்துகிறார்.

இன்னொருவரிடம் பணம் இல்லை. ஜெயிலில் கிடக்கிறார். அவர் குற்றம் செய்தார் என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் கைதி. அவருடைய ஏழை இன்சூரன்ஸ் அவர் உள்ளே போன பிறகு வேலை செய்யாது. வேலைக்குப் போகாததால் வேலையும் போய்விடலாம். மூன்று மாதம் கழித்து வழக்கு தள்ளுபடி ஆனால், "நீ நிரபராதி, போய் வா" என்று வெளியே அனுப்புவார்கள். போன இன்சூரன்சை யார் திருப்பிக் கொடுப்பது?

இது கற்பனைக் கதைதான். ஆனால் இப்படி அகப்படுகிறவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. அமெரிக்காவில் கவுண்டி என்று சொல்லப்படும் ஜில்லாக்கள் நடத்தும் ஜெயில்களில் இருப்பவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை விசாரணைக் கைதிகளே. ஓர் ஆண்டில் 70 லட்சம் தடவைக்கு மேல் அந்த ஜெயில்களின் கதவு திறந்து ஆட்களை உள்ளே வாங்குகிறது. சில பேர் ஒரே ஆண்டில் பல தடவை போகிறார்கள்.

தண்டனை என்றால் கோர்ட்டு கொடுக்கவேண்டும். கோர்ட்டு கொடுக்காத தண்டனையை இன்சூரன்ஸ் ஆபீஸ் கொடுக்கிறது. அதுவும் ஜாமீன் கட்டப் பணம் இல்லாதவனுக்கு மட்டும் கொடுக்கிறது. இதை நியாயம் என்று சொல்ல மனம் எப்படி வரும்?

இல்லினாய் மாநிலம் இந்த முடிச்சை வேறு பக்கத்தில் இருந்து அவிழ்த்தது. 2021-ம் ஆண்டு கவர்னர் பிரிட்ஸ்கர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஜாமீனுக்குப் பணம் கேட்கும் வழக்கமே இனி இல்லை என்றது அந்தச் சட்டம். ஒருவரால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றோ, அவர் ஓடிவிடுவார் என்றோ தோன்றினால் நீதிபதி அவரை உள்ளே வைக்கலாம். இல்லாவிட்டால் வெளியே விடவேண்டும். பையில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு இடம் இல்லை.

பல ஜில்லாக்களின் போலீஸ் தலைவர்களும் சர்க்கார் வக்கீல்களும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். குற்றம் பெருகிவிடும் என்றார்கள். மாநில சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜூலையில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. ரொக்க ஜாமீனை அடியோடு ஒழித்த முதல் மாநிலம் அதுதான்.

இதைக் குற்றவியல் சட்டம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அது இன்சூரன்ஸ் சட்டமும்கூட என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஜெயிலுக்குள் போகாதவனின் கார்டு செத்துப்போகாது அல்லவா?

கிழிப்பதா? மடித்து வைப்பதா?

இனி, உள்ளே போனவனின் கதை.

மத்திய சர்க்கார் பணம் தராது என்றதும் மாநிலங்கள் என்ன செய்தன? இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆளின் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுவது. அதாவது கார்டைக் கிழித்துப் போடுவது. இன்னொன்று, உள்ளே இருக்கும் வரை நிறுத்தி வைத்து, வெளியே வந்த அன்றே மறுபடி உயிர் கொடுப்பது. அதாவது கார்டை மடித்துப் பத்திரமாக வைப்பது.

பணம் தராதே என்றுதான் 1965-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கார்டைக் கிழி என்று அது சொல்லவே இல்லை. ஆனாலும் மிகப் பல மாநிலங்கள் கிழித்தன. ஏன்? கெட்ட எண்ணம் என்று சொல்வதற்கில்லை. பல மாநிலங்களின் பழைய கம்ப்யூட்டர்களில் "நிறுத்தி வை" என்று பதிவு செய்ய வழியே கிடையாது. பெயரை அடிப்பது சுலபம். சுலபமானதைச் செய்தார்கள்.

கிழித்த கார்டை மறுபடி வாங்குவது எப்படி? புதிதாக மனுப் போடவேண்டும். அடையாளச் சீட்டு வேண்டும். விலாசம் வேண்டும். ஜெயிலில் இருந்து வந்தவனுக்கு விலாசம் ஏது? பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், மனுவைப் பரிசீலித்து முடிவு சொல்ல மாநிலத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் 45 நாள்.

45 நாள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் சில டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை அந்த மாநில ஜெயில்களில் இருந்து விடுதலையான 30,237 பேரின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். படித்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

விடுதலையான முதல் இரண்டு வாரங்களில், அதே வயதுள்ள மற்ற ஜனங்களைவிட அவர்கள் சாகும் அபாயம் ஏறக்குறைய 13 மடங்கு இருந்தது. போதை மருந்து அளவு மீறிச் சாகும் அபாயம் 129 மடங்கு!

ஏன் இப்படி? போதைப் பழக்கம் உள்ளவன் ஜெயிலில் இருக்கும்போது உடம்பு அந்த விஷத்தை மறந்துவிடுகிறது. முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. ஆனால் மனதில் ஆசை அப்படியே இருக்கிறது. வெளியே வருகிறான். கையில் காசு இல்லை. வீடு இல்லை. பழைய சிநேகிதன் கூப்பிடுகிறான். பழைய அளவிலேயே ஏற்றிக்கொள்கிறான். அந்த ஒரு தடவை போதும்.

போதை மட்டும் அல்ல. மாரடைப்பால் செத்தவர்கள் உண்டு. கொலையுண்டவர்கள் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. உள்ளே தினமும் மாத்திரை கொடுத்தார்கள். வெளியே அனுப்பும்போது சில ஜெயில்களில் சில நாளைக்கு மாத்திரை தருவார்கள். சில ஜெயில்களில் அதுவும் இல்லை. மாத்திரை தீர்ந்ததும் ரத்த அழுத்தம் ஏறும். மனநோய் திரும்பும்.

ஆபத்து மிகுந்த காலம் முதல் 14 நாள். புதுக் கார்டு வர 45 நாள். கணக்குத் தெரியாத குழந்தைகூட இதில் உள்ள தப்பைச் சொல்லிவிடும். கார்டு தபாலில் வரும்போது, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கவேண்டுமே!

மத்திய சர்க்காருக்கு இது தெரியாமல் இல்லை. 2004-ம் ஆண்டிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பெயரை அடிக்காமல், நிறுத்தி வையுங்கள் என்று யோசனை சொன்னது. யோசனைதானே, உத்தரவு இல்லையே! சில மாநிலங்கள் கேட்டன. சில மாநிலங்கள் கடிதத்தைக் கட்டில் போட்டுக் கட்டி வைத்தன.

2018-ல் மத்திய சட்டம் ஒன்று வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர்களின் கார்டைக் கிழிக்கக் கூடாது என்றது. மற்றவர்களுக்கு 2024 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த மாதம் நிறைவேறிய ஒரு செலவுச் சட்டத்தின் உள்ளே, ஒரு மூலையில், யாரையும் ஜெயிலுக்குப் போன காரணத்தால் பட்டியலில் இருந்து அடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். 2026 ஜனவரி 1-ந் தேதி முதல் என்று நாளும் குறித்தார்கள்.

2004-ல் கடிதம். 2026-ல் கட்டாயம். நடுவில் 22 ஆண்டு! ஒரு கார்டை மடித்து வைக்க இத்தனை காலம். இந்த 22 ஆண்டுகளில் ஜெயில் வாசலில் இருந்து வெறுங்கையோடு நடந்தவர்களை யார் எண்ணியது?

கார்டே இல்லாத ஊர்கள்

மடித்து வைக்க ஒரு கார்டு இருந்தால்தானே மடிக்கலாம்? அதுவே இல்லாத மாநிலங்கள் உண்டு.

பழைய நாளில் மெடிக்கெய்டு திட்டம் எல்லா ஏழைக்கும் கிடையாது. ஏழைத் தாய், குழந்தை, ஊனமுற்றவர், முதியவர் ஆகியோருக்கு உண்டு. குழந்தை குட்டி இல்லாத, திடகாத்திரமான ஏழை ஆண்பிள்ளைக்குப் பெரும்பாலும் இல்லை. ஜெயிலுக்குப் போகிறவர்களில் மிகுதியானவர்கள் யார்? அந்த ஆண்பிள்ளைகளே.

2010-ல் ஜனாதிபதி ஒபாமா கொண்டுவந்த சட்டம் இதை மாற்றியது. வருமானம் குறைந்த எல்லோரையும் சேர்க்கலாம், புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஆகும் செலவில் 100 டாலருக்கு 90 டாலரை மத்திய சர்க்கார் கொடுக்கும் என்ற ஏற்பாடு. ஆனால் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு, இதில் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, விருப்பம் உள்ள மாநிலம் சேரட்டும் என்று சொல்லிவிட்டது.

அன்று முதல் சாவி மாநிலச் சட்டசபையின் கையில். 40 மாநிலங்கள் சேர்ந்தன. 40-வது மாநிலம் வட கரோலினா. அங்கே பத்தாண்டு காலம் இழுபறி. கடைசியில் 2023 மார்ச்சில் சட்டசபை சம்மதித்து, டிசம்பர் 1-ந் தேதி திட்டம் தொடங்கியது. அப்போதும் ஒரு நிபந்தனை. மத்திய சர்க்காரின் பங்கு 90-க்குக் கீழே இறங்கினால் திட்டம் நின்றுவிடும் என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்துக்கு நாள் குறித்த மாதிரி!

டெக்சாஸ், புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி முதலிய மாநிலங்கள் சேரவில்லை. அங்கே பிள்ளை இல்லாத ஏழை, எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கெய்டு கிடையாது. சரி, கடையில் இன்சூரன்ஸ் வாங்க சர்க்கார் உதவித்தொகை தருகிறதே, அதையாவது வாங்கலாம் என்றால், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு அந்த உதவியும் இல்லை! எல்லா மாநிலமும் மெடிக்கெய்டில் சேரும், பரம ஏழைகளை அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதிய சட்டம் அது. கொஞ்சம் ஏழைக்கு உதவி உண்டு, பரம ஏழைக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

ஆகவே, ஹூஸ்டன் நகரில் ஜெயிலை விட்டு வருகிறவனின் கதியும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜெயிலை விட்டு வருகிறவனின் கதியும் ஒன்றல்ல. குற்றம் ஒன்று. நோய் ஒன்று. நாடும் ஒன்று. சட்டசபை வேறு.

"திருடனுக்கு என்ன வைத்தியம்?"

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. ஒழுங்காக உழைக்கிறவனே இன்சூரன்ஸ் இல்லாமல் தவிக்கும்போது, ஜெயிலுக்குப் போனவனுக்கு வரிப்பணத்தைக் கொட்டவேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. இதைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. மருந்துக் கடையில் நின்று பர்சைத் துழாவும் ஒரு தாய் இப்படிக் கேட்டால், அந்தக் கேள்வியில் அவளுடைய கஷ்டம் இருக்கிறது.

ஆனால் பணக் கணக்கே பார்ப்போம். உள்ளே இருக்கும்போது வைத்தியச் செலவு ஜில்லாவின் தலையில், அல்லது மாநிலத்தின் தலையில். வெளியே வந்து, இன்சூரன்ஸ் இல்லாமல் நோய் முற்றி அவசரப் பிரிவில் விழுந்தால் அந்தச் செலவு ஆஸ்பத்திரியின் தலையில். ஆஸ்பத்திரி அதை மற்ற நோயாளிகளின் பில்லில் ஏற்றப் பார்க்கும். எப்படிப் பார்த்தாலும் ஊர்தான் கொடுக்கிறது. மலிவான மாத்திரைக்குக் கொடுக்க மறுத்து, விலை அதிகமான படுக்கைக்குக் கொடுக்கிறது.

இன்னொன்று. மாநில ஜெயிலில் இருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேராவது ஒரு நாள் வெளியே வருகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் அவர். அவர் மார்பில் காசநோய் இருந்தால், அது டிக்கெட் வாங்கிக்கொண்டா பரவும்?

சில மாநிலங்கள் கைதியிடமே டாக்டர் கட்டணம் வாங்கின. கலிபோர்னியாவில் கட்டணம் 5 டாலர். 5 டாலர் பெரிதா என்று தோன்றும். ஜெயில் வேலைக்கு அங்கே அப்போது குறைந்த கூலி மணிக்கு 8 சென்ட். கணக்குப் போட்டால், ஒரு தடவை டாக்டரைப் பார்க்க 62 மணி நேரத்துக்கு மேல் உழைக்கவேண்டியிருந்தது! 2019-ல் கலிபோர்னியா சட்டம் போட்டு இந்தக் கட்டணத்தை ஒழித்தது. அதே ஆண்டு இல்லினாயும் ஒழித்தது.

டெக்சாசில் நடந்தது வேறு. அங்கே 2011-ல் ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். கைதிகளில் பெரும்பாலோருக்குக் கூலியே கிடையாது. வீட்டில் இருந்து தாயோ மனைவியோ அனுப்பும் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். 2019-ல் அதை மாற்றி, ஒரு தடவைக்கு 13 டாலர் 55 சென்ட் என்று ஆக்கினார்கள். அந்த 55 சென்ட் எந்தக் கணக்கில் வந்ததோ!

கட்டணம் வைத்தால் வெட்டியாக டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள் என்பது அதிகாரிகள் சொல்லும் காரணம். காசில்லாத நிஜ நோயாளியும் வராமல் இருந்துவிடுவான் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நல்லது செய்தால் பலன் உண்டா? ரோட் ஐலண்ட் என்பது அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். 2016-ல் அந்த மாநில ஜெயில்களில், போதைப் பழக்கத்துக்குரிய மருந்துகளைத் தேவைப்பட்ட கைதிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விடுதலையானதும் வெளியே ஒரு மருத்துவ நிலையத்தில் அதே மருந்து தொடரும்படி ஏற்பாடு செய்தார்கள். 2016-ம் ஆண்டு முதல் 6 மாதங்களில், ஜெயிலை விட்டு வந்து ஓராண்டுக்குள் இருந்தவர்களில் 26 பேர் போதை மருந்தால் செத்திருந்தார்கள். 2017-ம் ஆண்டு அதே 6 மாதங்களில் செத்தவர்கள் 9 பேர்.

இதில் ஒன்றும் மந்திரம் இல்லை. உள்ளே கிடைத்த மருந்து வெளியேயும் கிடைத்தது. ரோட் ஐலண்ட் மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்கிய மாநிலம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மருந்துச் சீட்டு மட்டும் கொடுத்து, கார்டு கொடுக்காவிட்டால் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கலிபோர்னியா செய்த காரியம்

கலிபோர்னியாவின் ஜெயில்கள் ஒரு காலத்தில் மிக மோசமாக இருந்தன. இரண்டு பேர் இருக்கவேண்டிய இடத்தில் நாலு பேர் இருந்தார்கள். சரியான வைத்தியம் இல்லாமல் 6, 7 நாளைக்கு ஒரு கைதி அநியாயமாகச் சாகிறார் என்று கோர்ட்டே கண்டது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, கூட்டத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அடியில் விழித்துக்கொண்டது மாநிலம்.

2021-ல் ஒரு சட்டம் வந்தது. விடுதலைக்கு முன்பே கைதியின் இன்சூரன்ஸ் மனுவை ஜெயிலிலேயே பூர்த்தி செய்யவேண்டும் என்றது. 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய் மத்திய சர்க்காரிடம் விசேஷ அனுமதி வாங்கியது. விடுதலைக்கு முந்திய 90 நாட்களில், உள்ளே இருக்கும்போதே சில வைத்தியங்களுக்கு மெடிக்கெய்டு பணம் உண்டு! வெளியே போகும்போது கையில் மருந்தும் உண்டு. எந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று சொல்ல ஓர் ஆளும் உண்டு. 1965-ம் ஆண்டின் அந்தச் சின்ன வரியில் இப்படி ஓட்டை போட்ட முதல் மாநிலம் கலிபோர்னியா. பிறகு வாஷிங்டன், மான்டனா முதலிய மாநிலங்களும் அனுமதி பெற்றன.

எல்லா மாநிலமும் இதைச் செய்யலாம். செய்யவேண்டும். விசாரணைக் கைதிக்கு முதல் நாளில் இருந்தே கார்டு உயிரோடு இருக்கவேண்டும் என்று மத்திய சர்க்காரே அந்தப் பழைய வரியைத் திருத்திவிட்டால் இன்னும் நல்லது. குற்றம் நிரூபிக்கப்படாதவனிடம் கைதிக்கு உரிய விதியைக் காட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் காற்று இப்போது வேறு பக்கம் அடிக்கிறது. 2025 ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டத்தில் ஒரு புது விதி உண்டு. 2010-ம் ஆண்டுச் சட்டத்தால் மெடிக்கெய்டில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, பொதுத் தொண்டோ செய்ததாகக் காட்டவேண்டும். 2027 ஜனவரி 1-ந் தேதிக்குள் இதை அமல் செய்ய மாநிலங்களுக்குக் கெடு.

ஜெயிலை விட்டு வந்தவனுக்கு இதில் 3 மாதம் விலக்கு இருக்கிறது. அந்த மட்டும் யோசித்திருக்கிறார்கள். நான்காவது மாதம்? வேலை கேட்டுப் போகும் இடத்தில், முன்பு தண்டனை அடைந்தது உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் 80 மணி இல்லை. 80 மணி இல்லை என்றால் கார்டு இல்லை.

போதைப் பழக்கத்தால் நோயாளி ஆனவர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்கு என்ன அத்தாட்சி கேட்பது, எந்தப் பாரத்தில் கேட்பது என்ற நடைமுறை வேலை மாநிலங்களிடம் வரும். டாக்டர் சீட்டுக் கொண்டுவா என்று ஒரு மாநிலம் சொன்னால், சீட்டு வாங்க டாக்டரைப் பார்க்கவேண்டும். டாக்டரைப் பார்க்கக் கார்டு வேண்டும். கார்டு கேட்டால், சீட்டு எங்கே என்பார்கள்.